அலைக்கு முன் வரவேண்டிய கணக்கு

(பாடாங் மேஹாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

புயல் கடலில் எழுப்பும் அலைகளைக் கணினியில் கணிப்பது எப்படி? இதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்தக் கணக்கு விரைவாக முடிய வேண்டுமா, துல்லியமாக இருக்க வேண்டுமா? விரைந்தால் பிழை வரும். துல்லியம் தேடினால் நேரம் போகும். இரண்டில் எதை விடுவது?

ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊரில் கடலலையைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். கடல் நமக்குத் தூரமா என்ன? சுங்கை பட்டாணியைக் கடந்து மேற்கே போனால் கோத்தா கோலா மூடா கடற்கரை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை 8.58 மணிக்குச் சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் அதிர்ந்தது. கெடா, பினாங்குக் கரைகளை அலை தொட்டபோது பிற்பகல் 1 மணி தாண்டிவிட்டது. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள். பினாங்கில் 52 பேர், நம் கெடாவில் 12 பேர்.

நிலம் அதிர்ந்ததற்கும் அலை வந்ததற்கும் இடையே எத்தனை மணி நேரம்? நான்கு மணி நேரம்! அந்த நான்கு மணி நேரத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தே போயிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு அன்று இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பே இல்லை.

மாணவர்களே, சுனாமி ஓடும் வேகத்தை அறியப் பெரிய கணினி தேவையில்லை. கடலின் ஆழத்தை மீட்டரில் எடுத்து, 9.8-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் காணுங்கள். அலை விநாடிக்கு எத்தனை மீட்டர் ஓடும் என்பது கிடைத்துவிடும். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். 50 மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு எழுதும் மாணவர் ஒருவர் காகிதத்தில் போடக்கூடிய இந்தக் கணக்கே அன்று மக்களை எழுப்பப் போதுமானதாக இருந்திருக்கும். அலை கரையில் எத்தனை மீட்டர் உயரும் என்று சென்டிமீட்டர் சுத்தமாகத் தெரிய வேண்டியதில்லை. "வருகிறது, பகல் ஒரு மணிவாக்கில் வரும், விலகிப் போங்கள்." அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஆனால் புயலின் அலை இவ்வளவு எளிதாகப் பிடிபடாது. சுனாமிக்குக் காரணம் ஒருமுறை நடந்து முடிந்துவிடும். புயலில் காரணம் நகர்ந்துகொண்டே இருக்கும். காற்றின் வேகம் மணிக்கு மணி மாறும், திசை மாறும், புயலின் மையமே வழி மாறும். அந்தக் காற்று இரண்டு வேலைகளைச் செய்கிறது. அலைகளை எழுப்புகிறது. கடல்நீரையே தள்ளிக்கொண்டு வந்து கரைமேல் ஏற்றுகிறது. நீர்மட்டம் உயர்ந்த கடலின் மேல் உயர்ந்த அலை. வங்காள விரிகுடாவில் புயல் கொன்றவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது இந்த நீர்தான்.

வங்காள விரிகுடா நமக்கு அந்நியமான கடலா? நம் பாட்டனும் பூட்டனும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, அதைக் கடந்துதானே பினாங்குத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள்! அந்தக் கப்பல்களில் ஒன்றான ராஜுலாவின் பெயரைச் சொன்னால் இந்த முன்வரிசையில் சில முகங்கள் மலரும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கடல் 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டது. பாம்பனிலிருந்து பயணிகளோடு வந்த ரயிலை அப்படியே கொண்டுபோனது. 1970 நவம்பரில் இன்றைய வங்காளதேசத்தின் போலா தீவிலும் சுற்றுப்புறத்திலும் சில லட்சம் மக்களை ஒரே இரவில் விழுங்கியது. 1977 நவம்பரில் ஆந்திரத்தின் திவிசீமையில் பல்லாயிரம் பேர். இந்தப் பெயர்களையெல்லாம் நான் சொல்வது உங்களைக் கலங்கவைக்க அல்ல. இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் யாருக்காகப் போடுகிறார்கள் என்பது முதலில் மனத்தில் பதிய வேண்டும்.

சரி, எப்படிப் போடுகிறார்கள்?

முதன்முதலில் வானிலையைக் கணக்காகப் போட்டுப் பார்த்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் துப்பாக்கி ஏந்த மறுத்து, பிரான்சுப் போர்முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். அந்தப் போர்முனையில் உட்கார்ந்து, கையாலேயே ஒரு கணக்குப் போட்டார். ஐரோப்பாவில் ஓரிடத்தில் அடுத்த 6 மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும்? 6 மணி நேரத்துக்கான விடை காண அவருக்குப் பிடித்த காலம் சுமார் 6 வாரம். விடை என்ன வந்தது? அழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்று வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் மாறவே இல்லை என்று சொல்லலாம். விரைவும் இல்லை, துல்லியமும் இல்லை.

அந்த மனிதர் அதை மறைத்தாரா? 1922-இல் அந்தத் தவறான விடையோடு சேர்த்தே புத்தகமாக வெளியிட்டார். 64,000 பேர் ஒரு மாபெரும் மண்டபத்தில் அமர்ந்து, ஆளுக்கொரு பகுதியைக் கணக்கிட்டால் உலகின் வானிலை ஓடும் வேகத்துக்கு நாமும் ஓடலாம் என்று அதில் கனவு கண்டார். 1950-இல் அமெரிக்காவில் எனியாக் என்ற மின்னணுக் கணினியில் முதல் வானிலைக் கணிப்பு நடந்தது. 24 மணி நேரக் கணிப்புக்கு ஏறக்குறைய 24 மணி நேரமே பிடித்தது. நாளைய வானிலை நாளைக்குத்தான் தெரியும்! ஆனாலும் அது வெற்றி. ஏன்? கணக்கு முதன்முதலாக இயற்கையை எட்டிப்பிடித்துவிட்டது.

இன்றைய கணினிகள் அதைவிடப் பல கோடி மடங்கு வேகமானவை. அப்படியானால் சிக்கல் தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. ஏன் தீரவில்லை என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கணினி கடலைத் தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை. கட்டம் கட்டமாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நீர் எவ்வளவு உயர்கிறது, எந்தத் திசையில் ஓடுகிறது என்று சிறு சிறு நேர அடிகளில் கணக்கிட்டுக்கொண்டே போகிறது. கட்டம் 1 கிலோமீட்டர் என்றால், அதற்குள் இருக்கும் ஆற்று முகத்துவாரமும் மணல்திட்டும் கணினிக்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் கட்டத்தைச் சிறிதாக்க வேண்டும். பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். அதோடு நிற்காது. ஒரே நேர அடியில் அலை ஒரு கட்டத்தைத் தாண்டி ஓடிவிட்டால் கணக்கு நிலைகுலைந்துவிடும் என்று 1928-இலேயே கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்ற மூன்று கணித அறிஞர்கள் காட்டினார்கள். ஆகவே, பல முறைகளில் நேர அடியையும் பாதியாக்க வேண்டும். நான்கு மடங்கு வேலை எட்டு மடங்காகிறது.

1 கிலோமீட்டர் கட்டத்தில் 10 நிமிடத்தில் முடிகிற கணக்கு என்று வைத்துக்கொள்வோம். 500 மீட்டரில் 80 நிமிடம். 250 மீட்டரில் 640 நிமிடம், அதாவது பத்தரை மணி நேரத்துக்கு மேல். 125 மீட்டரில்? மூன்றரை நாள்! அதற்குள் புயல் கரை கடந்து, வெள்ளம் வடிந்து, இறந்தவர்களை அடக்கம் செய்தும் முடித்திருப்பார்கள். விடை மிகத் துல்லியம். ஆனால் யாருக்காக?

அலைகளையும் சேர்த்தால் சுமை இன்னும் கூடுகிறது. நீர்மட்டத்தை மட்டும் கணிக்க ஒரு கட்டத்துக்கு மூன்று எண்கள் போதும். ஆனால் புயற்கடலில் ஓரிடத்தில் ஒரே ஓர் அலையா இருக்கிறது? நீண்ட அலையும் குறுகிய அலையும் எல்லாத் திசையிலிருந்தும் வந்து மோதுகின்றன. 36 திசை, 30 விதமான அலைநீளம் என்று எடுத்தால், ஒரு புள்ளிக்கு 1,080 எண்கள்.

இதைவிடக் கடினமான ஒன்றும் உண்டு. அலைகள் தமக்குள் சக்தியைப் பரிமாறிக்கொள்கின்றன. நான்கு நான்காகச் சேர்ந்து கொடுத்து வாங்குகின்றன. இதற்கான சமன்பாட்டை 1962-இல் எழுதியவர் ஜெர்மானியரான கிளாஸ் ஹாசல்மன். 2021-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர்தான். சமன்பாடு சரியாக இருந்தது. ஆனால் அதை முழுமையாகக் கணக்கிட்டால், அன்றாட முன்னறிவிப்புக்கு எந்தக் கணினியும் ஈடுகொடுக்காது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சமன்பாடு நூலகத்தில்தான் இருந்தது, துறைமுகத்துக்கு வரவில்லை.

1985-இல் கணித அறிஞரான அவர் துணைவியார் சுசானே ஹாசல்மனும் அவரும் வேறு இருவருடன் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். எண்ணற்ற நான்கலைச் சேர்க்கைகளில் ஒரு சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றை எல்லாவற்றுக்கும் பதிலாக வைத்தார்கள். பல ஆயிரம் மடங்கு வேலை குறைந்தது. பிழை இல்லையா? இருக்கிறது. அலைகளின் சக்தியைத் தேவைக்கு மேல் பரப்பிக் காட்டும் என்பது அப்போதே தெரியும். ஆனால் எங்கே பிழை, எவ்வளவு பிழை என்று தெரிந்தே செய்த குறுக்குவழி அது. அதன் துணையோடுதான் 1988-இல் வாம் என்ற அலைக் கணிப்பு மாதிரி வெளிவந்தது. அதன் பின் அமெரிக்காவின் வேவ்வாட்ச், நெதர்லாந்தின் டெல்ஃப்டில் பிறந்த ஸ்வான். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகியும் பல நாடுகளின் அன்றாட அலை முன்னறிவிப்பில் அந்தக் குறுக்குவழி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. என்னைக் கேட்டால், கடலோர மக்களுக்கு அறிவியல் செய்த மிகப் பெரிய உபகாரங்களில் இதையும் ஒன்றாகச் சொல்வேன்.

வேகத்துக்கும் துல்லியத்துக்கும் இடையிலான இந்த இழுபறியை இந்த ஊர்ப் பெரியவர்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களுக்கு இது தெரியும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதற்குள் நிரை நிரையாக நூற்றுக்கணக்கான மரங்களை முடித்தாக வேண்டும். அவசரப்பட்டுக் கத்தியை ஆழமாக இறக்கினால் மரத்தில் காயம், அந்தப் பட்டை பிறகு சரியாக வளராது. பயந்து மேலாகச் சீவினால் பால் வராது. ஒரு மரத்தடியிலேயே நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தால் மற்ற மரங்கள் கிடக்கும். எங்கே கையை நிதானிக்க வேண்டும், எங்கே வீசி நடக்க வேண்டும் என்று அறிந்தவரே நல்ல தொழிலாளி. புயலலையைக் கணிப்பவருக்கும் வேண்டியது அந்த அறிவுதான்.

எங்கே நிதானம்? மக்கள் வாழும் கரையில். எங்கே வேகம்? நடுக்கடலில். லூட்டிச், வெஸ்டரிங்க் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் உருவாக்கிய அட்சர்க் என்ற மாதிரி கடலைச் சதுரங்களாக வெட்டுவதில்லை, முக்கோணங்களாகப் பிரிக்கிறது. நடுக்கடலில் பல கிலோமீட்டர் அகல முக்கோணம். கரை நெருங்க நெருங்கச் சிறுத்து, ஆற்று வாயில் சில பத்து மீட்டர். 2005-இல் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்சை மூழ்கடித்த பிறகு இந்த ஆய்வு வேகம் பிடித்தது. முன்பெல்லாம் அலைக்கு ஒரு கட்டம், நீர்மட்டத்துக்கு வேறு கட்டம். ஒன்றின் விடையை மற்றொன்றுக்கு மாற்றிக் கொடுப்பதிலேயே நேரமும் போகும், துல்லியமும் போகும். ஸ்வானையும் அட்சர்க்கையும் ஒரே முக்கோண வலையில், ஒரே கணினிச் செயலிகளில் ஓடவைத்த பணியைக் கேசி டீட்ரிக்கும் குழுவினரும் 2011-இல் வெளியிட்டார்கள். விரைவும் கூடியது, துல்லியமும் கூடியது. இரண்டும் எப்போதும் பகையாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

ஆனால் அன்பர்களே, இவ்வளவு செய்தும் ஒரு பெரிய பிழை மிஞ்சி நிற்கிறது. புயல் எங்கே கரை கடக்கும்? ஒரு நாள் முன்பே சொல்லும்போது இன்றும் சில பத்து கிலோமீட்டர் தவறுகிறது. வங்காள விரிகுடாவில் புயல் போகும் திசைக்கு வலப்பக்கம்தான் கடல் மிகுதியாக ஏறும். மையம் 50 கிலோமீட்டர் தள்ளிப்போனால், மூழ்க வேண்டிய ஊர் தப்பும், தப்ப வேண்டிய ஊர் மூழ்கும். தவறான பாதையை வைத்துக்கொண்டு பத்து மணி நேரம் துல்லியமாகக் கணக்கிட்டு என்ன பயன்?

இங்கேதான் விரைவுக்கு உண்மையான மதிப்பு. ஓர் ஓட்டம் சில நிமிடங்களில் முடியுமானால், புயல் வடக்கே போனால் என்ன, தெற்கே போனால் என்ன, வலுத்தால் என்ன, மெலிந்தால் என்ன என்று நூற்றுக்கணக்கில் ஓட்டிப் பார்க்கலாம். எந்த ஊருக்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லலாம். அமெரிக்காவில் ஸ்லாஷ் என்ற எளிய மாதிரியை இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். டில்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எஸ். கே. துபேயும் குழுவினரும் உருவாக்கிய மாதிரியும் அந்த வழியில் வந்ததுதான். மையத்தின் அழுத்தம், கடுங்காற்று வீசும் தூரம், புயல் போகும் பாதை என்று சில விவரங்களைக் கொடுத்தால், சாதாரண மேசைக் கணினியிலேயே சில நிமிடங்களில் விடை. அதனால்தான் பெரிய கணினி வாங்க வசதியில்லாத அண்டை நாடுகளின் வானிலை அலுவலகங்களுக்கும் அதைக் கொடுக்க முடிந்தது. ஏழை நாட்டுக்கு எளிய கணக்கு! இதைக் குறைவாக நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை.

ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்ற இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இருக்கிறது. அங்கே அட்சர்க், ஸ்வான், வேவ்வாட்ச் எல்லாம் இந்தியக் கரைகளுக்காக ஓடுகின்றன. 1999 அக்டோபரில் ஒடிசாவைச் சூப்பர் புயல் தாக்கியபோது சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013 அக்டோபரில் அதே கரையை ஃபைலின் புயல் தாக்கியது. ஏறக்குறைய 10 லட்சம் மக்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். இறந்தவர்கள் சில பத்துப் பேர். கணினி மட்டுமா காப்பாற்றியது? இல்லை. புகலிடக் கட்டடங்கள், பேருந்துகள், வீடு வீடாகப் போய்த் தட்டிய தொண்டர்கள். ஆனால் அவர்கள் எந்த ஊர்க் கதவைத் தட்ட வேண்டும் என்று முதலில் யாரோ கணக்கிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

துல்லியத்துக்கும் அங்கே பங்கு உண்டு. வெளியேறுவது ஏழைக்கு எளிதான காரியமா? ஆட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு, நாள் கூலியை இழந்து, கைக்குழந்தையோடு பள்ளிக்கூடத் தரையில் படுக்க வேண்டும். ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்தவர், அடுத்தமுறை கதவு தட்டப்படும்போது தயங்குவார். ஆகவே அவசரக் கணக்கு எப்போதும் மிகைப்படுத்தியே சொல்லுமானால், அதுவும் ஆபத்துதான்.

இப்போது ஒகி புயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 29-ஆம் தேதி இலங்கைக்கருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் காலையிலேயே அது புயல். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். எச்சரிக்கை வெளியானபோது அவர்கள் ஏற்கெனவே கரையிலிருந்து வெகுதொலைவில் இருந்தார்கள். கையிலிருந்த கருவிகள் அவ்வளவு தூரம் எட்டவில்லை. எத்தனை பெண்கள் கரையில் நின்று காத்திருந்தார்கள்! எத்தனை பேர் திரும்பவே இல்லை! விடை அலுவலகத்தில் இருந்தது. படகில் இல்லை. கணக்கு முடிகிற நேரத்தை மட்டும் விரைவு என்று சொல்லிக்கொள்ளும் அறிஞர்கள் இதை நினைக்க வேண்டும். கடலில் இருக்கும் மனிதரின் காதுக்குச் செய்தி போய்ச் சேரும் நேரமே விரைவு. 2019 அக்டோபரில் செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடல் படகுக்கே எச்சரிக்கை அனுப்பும் ஜெமினி என்ற கருவியை இந்தியா அறிமுகப்படுத்தியது. ஒகியில் போனவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று இளைஞர்கள் கேட்பீர்கள். 2023-இல் கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் பத்து நாள் வானிலையை ஒரு நிமிடத்துக்குள் சொல்லிக் காட்டியது. பெரிய சாதனைதான். ஆனால் அது பழைய பதிவுகளிலிருந்து கற்றுக்கொள்கிறது. நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் பேரலை ஒரு கரையின் பதிவில் எத்தனை முறை இருக்கும்? அந்த நுண்ணறிவைப் பழைய சமன்பாட்டு மாதிரிகளுக்குத் துணையாக வைக்கலாம். அவற்றின் இடத்தில் வைக்க எனக்கு இன்னும் மனமில்லை.

நம் கரைக்கு வருவோம். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் புயல் சுழலாது என்று படித்தோம். 2001 டிசம்பர் 27-ஆம் தேதி, நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகை வடக்கிலேயே வாமெய் புயல் சுழன்று ஜொகூரில் கரையேறியது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கையும் கெடாவையும் பெருங்காற்றும் வெள்ளமும் புரட்டிப்போட்டதை இங்கிருக்கும் பலர் அனுபவித்திருக்கிறீர்கள். 2025 நவம்பர் இறுதியில் மலாக்கா நீரிணையிலேயே சென்யார் என்ற புயல் உருவாகிச் சுமத்ராவைத் தாக்கியது. நமக்கு வராது என்று இனி யார் உறுதி சொல்வார்?

கணினி எவ்வளவு வேகமாக இருந்தாலும், நம் கரையின் ஆழம் தெரியாவிட்டால் விடை வராது. ஆழம் குறைந்த இடத்தில் ஓர் அலை, நீரின் ஆழத்தில் சுமார் முக்கால் பங்கு உயரத்துக்கு மேல் நிற்காது, உடைந்துவிடும். ஆகவே ஆழத்தில் 1 மீட்டர் தவறினால் அலையின் உயரத்தில் முக்கால் மீட்டர் தவறும். ஆற்று முகத்துவாரத்தில் மணல்மேடு பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். பழைய வரைபடத்தில் அது இருக்காது. அங்கே தினமும் படகு ஓட்டும் மலாய், சீன, தமிழ் மீனவருக்கு அது தெரியும். அவர்களையும் கேட்டு அளவெடுக்கும் ஆட்கள் நம் கரையோரம் முழுவதும் வேண்டும். எத்தனை பெரிய கணினி வாங்கினாலும் அந்த வேலையை அது செய்யாது.

மாணவச் செல்வங்களே, அந்த ஆட்கள் நீங்களாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் பேசினேன். படிவம் நான்குக்குப் போகும்போது, கடினம் என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காகக் கூடுதல் கணிதத்தையும் இயற்பியலையும் விட்டுவிடாதீர்கள். பெற்றோர்களே, பிள்ளைக்குக் கணக்கு வராது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். கடலோரத்தில் உறவினர் இருப்பவர்கள், வானிலைத் துறையின் எச்சரிக்கை வந்தால் அன்றைக்கே அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, கிளம்பி இங்கே வரச் சொல்லுங்கள். நம் வீடுகளில் அவர்களுக்கு இடம் கொடுங்கள்.